கேனிஸ்டர் ஃபில்டர் கழுவி நாலு நாளாச்சு, குமிழி நிக்கவே இல்ல

அல்சூர்_தொட்டி:

வணக்கம். மீன் தொட்டி 3 அடி (90×45×45 செ.மீ.), ஸ்டாண்டு உயரம் 75 செ.மீ., ஃபில்டர் ஸ்டாண்டுக்குள்ள தரையில நிக்குது. மணிக்கு 1400 லிட்டர்னு போட்ட மூணு தட்டு கேனிஸ்டர் (ஓஸ் வழியா தண்ணியை இழுத்து, வடிகட்டி, தொட்டிக்கே திருப்பி அனுப்புற மூடின டப்பா). ப்ரைமர் பட்டன் (அமுக்கினா தண்ணியை உள்ள இழுக்கிறது) உண்டு, யூவி லைட் கிடையாது. வாங்கி ரெண்டரை வருஷம். ஓஸ் உள்விட்டம் 16 மி.மீ., பச்சைக் கலர், உத்துப் பாத்தா உள்ள தெரியும். தண்ணி பாதி காவிரி, பாதி போர்.

ஞாயித்துக்கிழமை கழுவினது. ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியிலயே பிழிஞ்சு, செராமிக் ரிங்கை அலசி, மேல் தட்டுல பழைய வெள்ளைப் பஞ்சைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மூணு மடிப்பா அடைச்சு வெச்சேன். மோட்டார் தலையோட (மோட்டார் இருக்கிற மேல்மூடி) பெரிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காஞ்ச மாதிரி இருந்ததால தேங்காய் எண்ணெய் தடவினேன்.

இன்னிக்கு வியாழன். ஸ்ப்ரே பார்ல (தண்ணி தொட்டிக்குத் திரும்புற, துளை போட்ட குழாய்) ரெண்டு மாதிரி காத்து வருது. ஒண்ணு, பால் கலந்த மாதிரி பொடிக் குமிழி, நிக்காம. இன்னொண்ணு, மூணு நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை "குபுக்"னு பெருசா ஒண்ணு, அப்ப மோட்டார்ல கரகரன்னு சத்தம். எங்கயும் ஒரு சொட்டு ஒழுகல. ஃபில்டருக்கு அடியில பேப்பர் விரிச்சுப் பாத்தாச்சு, மொறுமொறுன்னு காஞ்சே கிடக்கு. ப்ரைமரை இருபது தடவைக்கு மேல அமுக்கியாச்சு, மாற்றமில்ல.

தொட்டியில ஏர் ஸ்டோன், கார்பன் டை ஆக்சைடு ரெண்டும் இல்ல. ஓ-ரிங் போயிடுச்சா? புது மோட்டார் தலையே வாங்கணுமா?

—

மீன்_சாப்பிடாதவன்:

மோட்டார் தலைக்கெல்லாம் இப்பவே காசைக் கொட்டாதீங்க ப்ரோ. புதுப் பஞ்சு, அலசின ரிங், இதுக்குள்ள சிக்கின காத்து வெளிய வர ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள் ஆகும். ஓடும்போதே கேனிஸ்டரை ரெண்டு கையால பிடிச்சு முன்னும் பின்னும் முப்பது டிகிரி சாய்ச்சு ஆட்டுங்க. அப்புறம் ப்ளக்கைப் பிடுங்கி அரை நிமிஷம் விட்டு மறுபடி போடுங்க. நிறுத்தின நேரத்துல தட்டுகளுக்கு அடியில நிக்கிற காத்து மேல ஏறி இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சின்ன விசிறி) வாய்க்கு வந்துடும், போட்டவுடனே மொத்தமா துப்பும். இப்படி ஐந்தாறு தடவை.

—

நீர்மட்டம்:

மேலே சொன்னது முதல் இரண்டு நாளுக்குச் சரி. நான்கு நாள் கழித்தும் குறையாமல் வருகிறது என்றால் அது பழைய காற்று இல்லை, புதிதாக எங்கிருந்தோ நுழைகிற காற்று. கேனிஸ்டரின் கொள்ளளவு ஏழெட்டு லிட்டர்தான். அதற்குள் சிக்கியிருந்த காற்று இத்தனை நாள் நிற்காமல் வந்துகொண்டிருக்க வழியே இல்லை. சிக்கிய காற்றின் அடையாளம், குபுக் குபுக்கென்ற இடைவெளி நீண்டுகொண்டே போவது: முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, மறுநாள் மணிக்கு ஒன்று. உங்களுக்கு அப்படி நீளவில்லை.

"ஒழுகவில்லை, ஆகவே ஓட்டை இல்லை" என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். காற்று நுழையும் ஓட்டையில் தண்ணீர் ஒழுகாது. ஒரு இணைப்பில் உள்ளே அழுத்தம் வெளியைவிட அதிகமாக இருந்தால் தண்ணீர் வெளியே வரும். குறைவாக இருந்தால் காற்று உள்ளே போகும். எனவே எந்த இடத்தில் எந்த அழுத்தம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் அளவுகளை வைத்தே சொல்கிறேன். தொட்டியில் தண்ணீர் 41 செ.மீ. நிற்கிறது என்று வையுங்கள். தரையிலிருந்து நீர்மட்டம் 116 செ.மீ. கேனிஸ்டரின் மோட்டார் தலை தரையிலிருந்து சுமார் 38 செ.மீ. ஆக, பம்ப் ஓடாதபோது மோட்டார் தலையின் ஓ-ரிங்கின் மேல் 78 செ.மீ. உயர நீர்க்கம்பத்தின் அழுத்தம் இருக்கிறது. அங்கே இடுக்கு இருந்தால் பம்ப் நின்றிருக்கும்போது சொட்டியே ஆக வேண்டும்.

அதே நேரத்தில், உறிஞ்சு குழாய் கண்ணாடி விளிம்பைத் தாண்டி வளைகிற எல்போவைப் பாருங்கள். அது நீர்மட்டத்துக்கு மேலே ஏழெட்டு செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே உள்ளே இருக்கும் அழுத்தம் எப்போதுமே வெளிக்காற்றைவிடக் குறைவு. பம்ப் ஓடினாலும் சரி, நின்றாலும் சரி. அந்த இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது, காற்றை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். கழுவும்போது ஓஸை இப்படியும் அப்படியும் இழுத்து நகர்த்துவோம் இல்லையா, அப்போது அசைகிற இணைப்பும் இதுதான்.

இரண்டாவது இடம், மோட்டார் தலை. பம்ப் ஓடும்போது அந்த 78 செ.மீ. அப்படியே மிஞ்சுவதில்லை. குழாய் முனையின் ஜாலி கொஞ்சம் தின்னும், ஓஸ் கொஞ்சம், ஸ்பாஞ்ச் கொஞ்சம், கடைசியாக மேல் தட்டுப் பஞ்சு. பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. பெரிய ஓ-ரிங் இருப்பது பஞ்சுக்கு மேலே, இம்பெல்லருக்கு முன்னால். அதாவது உறிஞ்சும் பக்கம். வழியில் அடைப்பு அதிகமாகி 78 செ.மீ. முழுவதும் தீர்ந்துபோனால் அந்த ஓ-ரிங் வழியாகவும் காற்று நுழையும், ஓடும்போது ஒரு சொட்டுகூடச் சொட்டாமல். புதுப் பஞ்சை மூன்று மடிப்பாக அடைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

இம்பெல்லரைத் தாண்டிய பிறகு எல்லாமே தள்ளும் பக்கம். வெளியேற்றும் ஓஸ் அவிழ்ந்திருந்தால் தண்ணீர்தான் பீய்ச்சும், காற்று வராது. அந்தப் பக்கத்தைக் கழட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இப்போது சோதனை. எதையும் கழட்டாமல் நான்கு காரியம் செய்யலாம்.

முதலில் ப்ளக்கைப் பிடுங்கி, வால்வுகளைத் திறந்தே விட்டு, மோட்டார் தலையைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் செருகி 20 நிமிடம் விடுங்கள். ஈரமானால் ஓ-ரிங். அடியில் பேப்பர் விரித்தது போதாது. மெல்லிய கசிவு க்ளிப்பின் பள்ளத்திலேயே தங்கிவிடும்.

அடுத்து, பம்பை ஓடவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, உறிஞ்சும் ஓஸுக்குப் பின்னால் செல்ஃபோன் டார்ச்சைப் பிடியுங்கள். பச்சை ஓஸிலும் குமிழி மின்னுவது தெரியும். கேனிஸ்டருக்கு இறங்கும் ஓஸிலேயே குமிழி ஓடினால் கேனிஸ்டர் நிரபராதி.

மூன்றாவது, ஒரு சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரை எடுத்து எல்போவின் ஒவ்வொரு இணைப்பின் மேலும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓட்டை காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை இழுக்கும் அந்த ஓரிரு விநாடி ஓஸில் குமிழி நிற்கும். சோப்புத் தண்ணீர் வேண்டாம். அது உள்ளே இழுக்கப்பட்டு மீன் செவுளுக்குப் போகும்.

நான்காவது, வெளியேற்றும் வால்வை மட்டும் பாதி மூடுங்கள். ஓட்டம் பாதியானால் வழியில் தின்னப்படும் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அப்போது பொடிக் குமிழி அடியோடு நின்றால் குற்றவாளி அடைப்பும் ஓ-ரிங்கும். குறைந்தும் நிற்கவில்லை என்றால் எல்போ, ஏனென்றால் அதன் உயரம் அப்படியேதானே இருக்கிறது. உறிஞ்சும் வால்வை ஒருபோதும் பாதி மூடாதீர்கள்; பம்ப் வாயில் அழுத்தம் இன்னும் சரிந்து தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து வரும்.

—

பழைய_ஸ்பானர்:

நீர்மட்டம் சார் முழுசா சொல்லிட்டார். அந்தத் தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் நான் வரேன்.

அதைத் தடவாதீங்க. 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சு போற எண்ணெய் அது. பெங்களூர்ல டிசம்பர் ராத்திரி பாட்டில்ல கட்டியா நிக்குதே, அதே கதைதான் ஓ-ரிங் பள்ளத்துலயும். ஹீட்டர் இல்லாத தொட்டின்னா விடிகாலையில வெள்ளைக் கட்டியா உக்காந்து ரிங்கை ஒரு பக்கம் தூக்கிடும். அதுபோக சில வகை ரப்பர் எண்ணெய் பட்டா ஊறி உப்பும், அப்புறம் பள்ளத்துல உக்காராது. வாஸ்லினும் அதே காரணத்துக்கு வேண்டாம்.

வேணுங்கிறது சிலிகான் கிரீஸ், குடிதண்ணிக்கு ஆகும்னு போட்டிருக்கிறது. ஆர்.ஓ. ஃபில்டர் ஸ்பேர் விக்கிற கடையில கேளுங்க. எலக்ட்ரானிக்ஸ் கடையில போய் "சிலிகான் பேஸ்ட்"னு கேட்டா ஹீட் சிங்க்குக்குத் தடவுற வெள்ளைப் பேஸ்டைக் கொடுத்துடுவாங்க. அதுல துத்தநாக ஆக்சைடு கலந்திருக்கும், தொட்டிப் பக்கமே கொண்டுவராதீங்க. நல்ல கிரீஸ் தண்ணி மாதிரி தெளிவா, இல்ல லேசா மங்கலா இருக்கும், வாசனை இருக்காது.

அளவு: முழு ரிங்குக்கும் சேத்து ரெண்டு அரிசி அளவு. விரல்ல தேச்சு, ரிங் மினுமினுக்கணும், வழியக் கூடாது. நிறைய பூசினா மணலும் முடியும் ஒட்டிக்கும். ஒரே ஒரு மணல் போதும், குக்கர் காஸ்கெட்ல சோத்துப் பருக்கை மாட்டின மாதிரிதான்.

ரிங் இன்னும் தேறுமான்னு பாக்க, ரெண்டு விரல்ல கிள்ளி மடக்கிப் பாருங்க. மடிச்ச இடத்துல பொடிப் பொடியா வெடிப்பு தெரிஞ்சா மாத்திடணும். குறுக்குல பாத்தா வட்டமா இருக்கணும். ஒரு பக்கம் சப்பையா அமுங்கி அப்படியே நின்னுட்டா அதுவும் முடிஞ்சு போச்சு. ரெண்டரை வருஷத்துக்கு பெரும்பாலும் தேறும்.

அதைவிட முக்கியம் பள்ளம். பாதி போர் தண்ணின்னு சொல்றீங்க. நம்ம ஊர் போர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி, ஓ-ரிங் உக்கார்ற பள்ளத்துல நகத்தால சுரண்டினா வெள்ளையா சொரசொரன்னு வரும். ரிங் புதுசா இருந்தாலும் அந்தச் சொரசொரப்பு மேல உக்காந்தா காத்துக்கு வழி கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் (மளிகைக் கடை எலுமிச்சை உப்புதான்), பழைய டூத் பிரஷ், அரை மணி நேரம். ரிங்கைக் கழட்டி வெச்சுட்டு பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் ஊற வைங்க. இம்பெல்லரும் செராமிக் கம்பியும் அதே தண்ணியில போடலாம். ஆனா செராமிக் கம்பி சாக்பீஸ் மாதிரி, கீழ போட்டா ரெண்டா உடையும். தரையில துணி விரிச்சுட்டு கழட்டுங்க. உப்புத்தாள், ஸ்டீல் ஸ்க்ரப்பர், கத்தி முனை எதுவும் பள்ளத்துல படக் கூடாது, கீறினா அதுவே நிரந்தர ஓட்டை.

—

அல்சூர்_தொட்டி:

ரொம்ப நன்றி சார். நாலு சோதனையும் பண்ணியாச்சு, முடிவு இது:

நிறுத்தி 20 நிமிஷம்: டிஷ்யூ காஞ்சே இருந்தது. டார்ச்: தொட்டியிலிருந்து இறங்குற ஓஸ்ல பொடிக் குமிழி வரிசையா ஓடுது, நல்லாத் தெரியுது. சிரிஞ்ச்: எல்போவுல ரெண்டு இணைப்பு இருக்கு. தொட்டிக்குள்ள இறங்குற நேர் குழாய் சொருகுற இடத்துல தண்ணி விட்டா ஒண்ணும் ஆகல. ஓஸ் மாட்டுற பக்கம் விட்டா ரெண்டு மூணு விநாடி குமிழி நிக்குது, மறுபடி ஆரம்பிக்குது. வெளிய போற வால்வைப் பாதி மூடினா பொடிக் குமிழி குறையுது, நிக்கல. ஆனா "குபுக்" சுத்தமா நின்னு போச்சு.

ஆக எல்போதானா? அப்ப "குபுக்" ஏன் நிக்குது? அந்த இடத்தை எம்-சீல் போட்டு அடைச்சுடலாமா?

—

நீர்மட்டம்:

எல்போவின் ஓஸ் பக்கம், சந்தேகமே இல்லை. ஓ-ரிங் இப்போதைக்கு விடுதலை.

குபுக் என்பதும் அதே காற்றுதான், தனியாக இன்னொரு ஓட்டை அல்ல. எல்போவில் நுழைகிற பொடிக் குமிழி கேனிஸ்டரின் அடியில் இறங்கி, ஸ்பாஞ்ச் வழியாக ஏறி, கடைசியில் இறுக்கமான பஞ்சுக்கு அடியில் தங்குகிறது. ஒரு பங்கு நேராக ஊடுருவிப் போய்விடுகிறது, மிச்சம் அங்கே ஒரு தட்டையான காற்றுப்பையாகச் சேர்கிறது. பை பெரிதானதும் பஞ்சின் ஓரத்தை விலக்கிக்கொண்டு ஒரே மூச்சில் இம்பெல்லருக்குள் போகிறது. கரகர சத்தம் அப்போதுதான் வருகிறது. ஓட்டத்தைக் குறைத்தால் காற்று நுழைவதும் குறையும், பஞ்சைத் தள்ளும் விசையும் குறையும். பை நிரம்ப அதிக நேரம் எடுக்கும். சோதனை நடந்த சில நிமிடத்தில் அது நிரம்பவில்லை, அவ்வளவுதான்.

எம்-சீல் வேண்டாம். அடுத்த முறை ஓஸைக் கழட்ட எல்போவையே உடைக்க வேண்டியிருக்கும்.

—

பழைய_ஸ்பானர்:

எம்-சீல், ஃபெவிகுவிக், ரப்பர் பேண்டு, இன்சுலேஷன் டேப் எதுவும் வேண்டாம் தம்பி. பத்து நிமிஷ வேலை.

ரெண்டரை வருஷத்துல பிவிசி ஓஸ் முனை விறைச்சுப் போயிருக்கும், குளிர்ல இன்னும் விறைக்கும். எல்போவோட வரிப்பல் இருந்த இடத்துல வாய் அகண்டு அப்படியே நின்னிருக்கும். திரும்ப எவ்வளவு இறுக்கினாலும் அது சுருங்காது.

ரெண்டு வால்வையும் மூடி, ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. ஓஸை எல்போவிலிருந்து கழட்டும்போது முறுக்கி இழுங்க, நேரா இழுத்தா எல்போ உடையும். வரலேன்னா வெந்நீர்ல நனைச்ச துணியை ஒரு நிமிஷம் சுத்தி வைங்க. கழட்டின முனையிலிருந்து 2 செ.மீ. வெட்டுங்க. கத்திரிக்கோல் வேண்டாம், வாய் கோணலாகும். புது பிளேடு போட்ட கட்டர், ஒரே வெட்டு, நேர் குறுக்கா. வெட்டுறதுக்கு முன்னாடி ஓஸ்ல 2 செ.மீ. விட்டுக்கொடுக்க நீளம் இருக்கான்னு பாத்துக்கோங்க. ரொம்ப விறைப்பா இழுத்து மாட்டினா இன்னொரு மாசத்துல இதே கதை.

எல்போவோட பல்லுல ஒட்டியிருக்கிற பாசி வழவழப்பைத் துணியால துடைங்க. பிளாஸ்டிக்ல நீளவாக்குல மயிர்க்கோடு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா எல்போவை மாத்தணும், வேற வழியில்ல. புது வாயைக் கை பொறுக்காத சூட்டுல வெந்நீர்ல அரை நிமிஷம் முக்கி, சூட்டோட பல்லு முழுசும் மறையற வரைக்கும் தள்ளுங்க. பாதிப் பல்லு வெளிய தெரிஞ்சா அது மாட்டினதே இல்ல. மேல மரை நட்டு இருக்கிற மாடல்னா நட்டை முதல்லயே ஓஸ்ல கோத்துக்கணும். அதை மறந்துட்டு எல்லாம் தள்ளி முடிச்ச அப்புறம் நட்டு கையில இருக்கும், இது எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதான். நட்டு இல்லாத மாடல்னா ஸ்டெயின்லெஸ் க்ளிப், 16 ஓஸுக்கு வெளிவிட்டம் 22, அதனால 16-25 க்ளிப் சரியா வரும். கைக்கு இறுகின அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்ல கால் சுத்து. அதுக்கு மேல முறுக்கினா எல்போ நசுங்கும்.

டெஃப்லான் டேப் மரை உள்ள இடத்துக்கு மட்டும். ஓஸ் பல்லுல சுத்தினா வழுக்கிக்கிட்டு வெளிய வரும், உதவாது. தொட்டிக்குள்ள இறங்குற நேர் குழாய் சொருகல் லூஸா இருந்தா சிலிகான் கிரீஸ் ஒரு பூச்சு போதும்.

—

மீன்_சாப்பிடாதவன்:

ஒரு சந்தேகம். குமிழி வந்தா தொட்டிக்கு ஆக்சிஜன்தானே? சத்தம் மட்டும் இல்லேன்னா அப்படியே விட்டா என்ன குறைஞ்சு போகுது? நம்ம ஊர் 900 மீட்டர் உயரத்துல இருக்கு, தண்ணியில கரையற ஆக்சிஜன் சென்னையைவிட பத்துல ஒரு பங்கு கம்மின்னு சொல்றாங்க.

—

ஜாவா_பாசி:

கம்மிங்கிறது சரிதான். காற்றழுத்தம் குறைந்தால் அதே விகிதத்தில் கரையும் ஆக்சிஜனும் குறையும். ஆனால் ஃபில்டருக்குள் காற்றை விடுவது அதற்கு வழியில்லை. தண்ணீரின் மேற்பரப்பு அசைந்தால் போதும். ஸ்ப்ரே பாரை மேற்பரப்பை ஒட்டித் திருப்பி வைத்தாலே வேலை முடிந்தது.

இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் எண்ணெய், தண்ணீர்தான் குளிர்விப்பு. காற்றும் தண்ணீருமாக மாறி மாறி அறைந்தால் செராமிக் கம்பி நுழையும் இம்பெல்லர் துளை தேய்ந்து ஓவலாகும், பிறகு காற்று நின்றாலும் சத்தம் நிற்காது. கரண்ட் போகும் ஊரில் இன்னொரு ஆபத்து. பம்ப் நின்ற நேரத்தில் தட்டுகளில் இருக்கும் காற்றெல்லாம் இம்பெல்லர் வாயில் வந்து குவியும். எல்போ ஓட்டை வேறு மேலே காற்றுப்பையை வளர்த்துக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் இம்பெல்லர் வெறும் காற்றில் சுழலும், தண்ணீர் ஏறாது. நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள். உள்ளே ஓடாத தண்ணீரில், மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். மாலையில் வந்து ப்ரைமரை அமுக்கி ஓட்டினால் அழுகின முட்டை நாற்றத்தோடு அத்தனையும் தொட்டிக்குள் வரும். அரை நாள் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஓட்டாமல், திறந்து உள்ளேயிருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை (ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், பஞ்சு) தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும்.

அல்சூர் நண்பருக்கு: எப்படியும் ஓஸைக் கழட்டப் போகிறீர்கள், கேனிஸ்டரையும் திறந்து பஞ்சைச் சரி செய்துவிடுங்கள், ஓ-ரிங்கிலிருந்து எண்ணெயையும் துடைத்துவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியால் மூன்று நான்கு முறை வழித்தால் போகும்.

பஞ்சு ஒரே அடுக்கு, 2 செ.மீ. கனம், தட்டில் தளர்வாகப் படுத்திருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் அமுங்கி, எடுத்தால் எழும்ப வேண்டும். பிழியப் பிழிய அடைத்தால் தண்ணீர் அதன் வழியாகப் போகாது, தட்டின் ஓரத்து இடுக்கில் புகுந்து போய்விடும். வடிகட்டலும் இல்லை, ஓட்டமும் இல்லை. எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க ஸ்ப்ரே பாரைக் கழட்டி 2 லிட்டர் ஜக்கில் பிடியுங்கள். 10 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 720 லிட்டர். 1400 என்று பெட்டியில் போட்டிருப்பது மீடியா இல்லாமல், உயரம் ஏற்றாமல் அளந்தது. மீடியாவோடு பாதி வந்தாலே நல்ல ஓட்டம். 20 விநாடி ஆனால் உள்ளே அடைப்பு. குழாய் முனையின் ஜாலியையும் கழட்டிப் பாருங்கள், நத்தையின் ஓடும் இலை நரம்பும் அங்கேதான் மாட்டும்.

மூடுவதற்கு முன் காற்றை வெளியே விரட்டுவதுதான் பாதி வேலை. ஒரு பக்கெட்டில் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஸ்பாஞ்சையும் பஞ்சையும் தண்ணீருக்கு அடியிலேயே வைத்து, இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை அளைகிற மாதிரி அளைந்து பிழியுங்கள். மேலே எடுத்துப் பிழிந்தால் விடும்போது மறுபடி காற்றைத்தான் குடிக்கும். செராமிக் ரிங்கைப் பக்கெட்டில் ஐந்து நிமிடம் மூழ்க வைத்துக் கையால் கிளறினால் சின்னச் சின்னதாகக் குமிழி ஏறி வருவது நிற்கும், அப்போது தட்டில் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், காவிரித் தண்ணீரில் குளோரின் உண்டு, அது அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும். ஞாயிறன்று ரிங்கை எந்தத் தண்ணீரில் அலசினீர்கள் என்று எழுதவில்லை. குழாயில் என்றால் இந்த வாரம் தீனியைப் பாதியாக்கி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினம் பாருங்கள்.

தட்டுகளை அடுக்கியதும் கேனிஸ்டரின் கழுத்து வரை தொட்டித் தண்ணீர் ஊற்றி, அதன் பிறகே மோட்டார் தலையை வையுங்கள். வெறும் கேனிஸ்டரை மூடிவிட்டு ப்ரைமரை அமுக்கிக்கொண்டே இருப்பதால்தான் காற்று தட்டுகளுக்கு இடையில் மாட்டுகிறது. தலையை இரு கையாலும் நேராக அமுக்கி, எதிரெதிர் க்ளிப்பாக ஜோடி ஜோடியாகப் பூட்டுங்கள். ஒரே பக்கமாகப் பூட்டிக்கொண்டு வந்தால் ஓ-ரிங் எதிர்ப்பக்கம் பிதுங்கும்.

வால்வு பிளாக்கை (இரண்டு ஓஸும் மோட்டார் தலையில் சேரும் பாகம்) மாட்டி, லிவர் கடைசி வரை படுத்திருக்கிறதா பாருங்கள். ஸ்ப்ரே பாரைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்து, உறிஞ்சும் வால்வை முதலில் திறந்து, பிறகு வெளியேற்றும் வால்வைத் திறங்கள். தண்ணீர் தானாக இறங்கி மறுபக்க ஓஸில் ஏறும், காற்று முன்னால் ஓடிப்போகும். அந்த ஓஸில் தண்ணீர் தொட்டியின் நீர்மட்டத்துக்கு வந்து அசையாமல் நின்ற பிறகுதான் ப்ளக். அதுவரை பொறுக்க ஒரு நிமிடம்தான் ஆகும். ஓஸ் நடுவில் தொங்கி மேடு பள்ளமாக இருந்தால் மேட்டில் காற்று தங்கும், நேராக ஏறும்படி க்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். ப்ளக் ஒயர் தொட்டியிலிருந்து நேராக சாக்கெட்டுக்கு ஏறக் கூடாது, சாக்கெட்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

—

அல்சூர்_தொட்டி:

முடிஞ்சுது. ஓஸ் முனையை வெட்டினதும் பாத்தா வாய் நல்லா அகண்டு, உள்பக்கம் ஒரு இடத்துல பல்லு அச்சே விழல. அதாவது அந்த இடத்துல ஒட்டவே இல்ல. 2 செ.மீ. வெட்டி, வெந்நீர்ல முக்கித் தள்ளினேன். (நட்டை மறந்துட்டேன். ரெண்டாவது தடவை கழட்டித்தான் மாட்டினேன்.) பஞ்சு ஒரே அடுக்கு. ஓ-ரிங் பள்ளத்துல வெள்ளைப் படிவு இருந்தது, சிட்ரிக் ஆசிட்ல போயிடுச்சு. ரிங்குல வெடிப்பு இல்ல.

ஜக்குல அளந்தேன். முன்னாடி 17 விநாடி, இப்ப 10. டார்ச் அடிச்சா ஓஸ்ல ஒரு குமிழி இல்ல. ஸ்ப்ரே பார்ல பொடிக் குமிழி முழுசா நின்னுடுச்சு. அப்பப்ப ஒரு "குபுக்" மட்டும் வருது, ஓட ஆரம்பிச்சு மூணு மணி நேரத்துல நாலு தடவை. செராமிக் ரிங்கை அலசினது பக்கெட் தண்ணியிலதான், குழாய்ல இல்ல.

இன்னொண்ணு கேக்கணும். வால்வு பிளாக்கை மாட்டும்போது உள்ள இருக்கிற ரெண்டு சின்ன ஓ-ரிங்ல ஒண்ணு கொஞ்சம் சப்பையா இருக்கு. இப்ப ஒழுகல. அளவு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

—

நீர்மட்டம்:

அந்த நாலு குபுக் இப்போது உண்மையிலேயே சிக்கிய காற்று. நாளை சாயங்காலம் வரை விடுங்கள், இடைவெளி நீளும்.

—

பழைய_ஸ்பானர்:

அளவு எழுதி எடுத்துட்டுப் போக வேண்டாம், ரிங்கையே எடுத்துட்டுப் போங்க. சப்பையானது வேண்டாம், தேறின ஜோடி ரிங்கைக் கழட்டிட்டுப் போகணும். சப்பையானதை வெச்சு அளந்தா கனம் கம்மியா வரும். மறுபடி மாட்டுற வரைக்கும் ரெண்டு வால்வும் மூடியிருக்கட்டும், ஓஸ் முனை ரெண்டையும் ஒரு பக்கெட்டுல போட்டு வைங்க. ஜே.சி. ரோட்டுல மோட்டார் ஸ்பேர் கடைங்க பக்கம் ஓ-ரிங் கிடைக்கும். உள்விட்டமும் கனமும் வெர்னியர்ல அளந்து தருவாங்க. நைட்ரைல் ரப்பர்னு கேளுங்க, நாலு வாங்கி வெச்சுக்கோங்க. ஃபில்டரை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்காம ஒரு ஞாயிறு காலையில மாத்துங்க, அன்னிக்குப் பாதிக் கடை திறந்திருக்காது, அதனால சனிக்கிழமையே வாங்கிடுங்க.